ரதி பின்னிய இரட்டைச் சடை

கேஷிகாவுக்குப் பொய் சொல்ல வராது. வராததைச் செய்யப் போனால் மாட்டிக்கொள்ளத்தானே வேண்டும்? "என்னா படம் பாப்பா வரையிற?" என்று அப்பா கேட்டபோது, "தேயிலை மலைப்பா" என்று சொல்லித் தொலைத்தாள்.

முத்துலிங்கம் அதை அப்படியே நம்பினார். மலைநாட்டுப் பிள்ளை படம் வரைந்தால் மலையையும் கூடையையும் கொழுந்தையும்தான் வரையும், மிஞ்சிப்போனால் ஒரு நீர்வீழ்ச்சி. நம்பியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, மனுசனுக்குப் பெருமை பிடித்துக்கொண்டது. தேயிலைக் கொழுந்து அரைக்கிற ஸ்டோரில் ரோலர் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகிய தொண்டை அவருடையது. "நம்ம மலைய எம்மவ வரைஞ்சிருக்கா, அட்டன் டவுன்ல வைக்கிறாங்களாம்!" என்று அவர் ஒரு வீட்டில் சொன்னது லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது. பள்ளிக்கூடத்து ஓவியக் கண்காட்சி நடந்த போயா விடுமுறை நாளன்று, ஒரு வேன் பிடித்துத் தோட்டத்தில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். முன் சீட்டில், வெள்ளை வேட்டியும் விபூதியுமாக, தோட்டத்தில் கூத்துப் பழக்குகிற லெட்சுமணன் மாஸ்டர்.

மண்டப வாசலில் அந்த வேன் வந்து நின்றதைப் பார்த்ததும் கேஷிகா ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அப்பா மட்டும் வந்திருந்தால் காலைப் பிடித்தாவது சமாளித்திருப்பாள். மாஸ்டரும் வந்திருக்கிறாரே!

ஏனென்றால், உள்ளே மாட்டியிருந்தது தேயிலை மலை இல்லை. முத்துலிங்கமேதான். அதுவும் சேலை கட்டிய முத்துலிங்கம்.

திம்புள்ளப் பக்கம் அவர்கள் தோட்டத்து மேற்பிரிவில் மாசி பிறந்தால் காமன் கூத்து. சிவன் கண்ணைத் திறந்து மன்மதனை எரிக்கிற கதை. மன்மதனாக ஒருவர், அவன் பெண்சாதி ரதியாக ஒருவர், இரண்டு பேருமே ஆண்கள்தான். சின்ன வயதில் கேஷிகா, "நான் ரதியா ஆடுறேன்" என்று அடம்பிடித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். ரதி வேஷம் முத்துலிங்கத்துக்கு. காப்புக் கட்டிவிட்டால் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். வயதில் மூத்தவர்கள்கூட ரதி காலில் விழுந்து எழுந்திருப்பார்கள். மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டி நிற்கிற ஆளை ஒரு சொல் கேலி பேச எவனுக்கும் துணிச்சல் வராது.

அந்த மரியாதைக்கு மாஸ்டர் ஒரு வேலி போட்டு வைத்திருந்தார். கூத்து நடக்கும் காமன் பொட்டலைத் தாண்டி ரதி வெளியே வரக் கூடாது. மன்மதன் எரிந்து விடிந்ததும், பொட்டலுக்குக் கீழே தண்ணீர் விழுகிற பீலியிலேயே வேஷத்தைக் களைந்து, குளித்து, காப்பை அவிழ்த்த பிறகுதான் ஆள் வீட்டுப் படி ஏறலாம். இதில் மட்டும் மாஸ்டர், முன்பு ரதி வேஷம் கட்டிய தன் சொந்தத் தம்பிக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை.

அந்த வேலியை முத்துலிங்கம் ஒருமுறை தாண்டியிருக்கிறார். கேஷிகாவின் அம்மா ஜெயலெட்சுமி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன முதல் வருடம் அது. கூத்து முடிந்த அன்று காலையில் கேஷிகாவுக்குத் தவணைப் பரீட்சை. இரட்டைச் சடை இல்லாமல் போனால் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் மாணவத் தலைவிகள் உள்ளே விட மாட்டார்கள். கேஷிகாவுக்கு முன்னால் சீவத் தெரியும், பின்னால் வகிடு எடுக்க வராது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் பொட்டலில். பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

அப்போது வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் சலங்கைச் சத்தம் கேட்டது. ரதி மூச்சு வாங்க ஓடி வந்து நின்றாள். தலையில் காகிதக் கிரீடம், முகத்தில் ரோஸ் சாயம், உடம்பில் அம்மாவின் கூரைச்சேலை. எரிந்த மன்மதனுக்காக இரவெல்லாம் புலம்பியதில் கண்ணுக்குக் கீழே சாயம் கரைந்து இரண்டு கோடு விழுந்திருந்தது.

"திரும்பு பாப்பா" என்றார் அப்பா. மண்டி போட்டு உட்கார்ந்து, ரோலரில் காய்த்துப்போன விரல்களால் வகிடு எடுத்தார். வகிடு கோணலாகத்தான் போனது. கறுப்பு ரிப்பன் கட்டி முடித்ததும், "மாஸ்டர்கிட்ட மூச்சு விட்றாத" என்று சொல்லிவிட்டுப் பீலியைப் பார்த்து ஓடினார். கேஷிகா இன்றுவரை மூச்சு விடவில்லை.

ஆனால் உயர்தர வகுப்பில் பிரேமினி டீச்சர், "கண்காட்சிக்கு நீங்க கண்ணால கண்ட பெண்மைய வரைங்க. கூடையும் கொழுந்தும் போதும், போன வருசமே செவரு நெறஞ்சு போச்சு" என்று சொன்னபோது, அவளுக்கு அந்தக் காலைதான் கண் முன்னால் வந்தது. அம்மா என்றால் அவளுக்கு போனில் தெரிகிற உள்ளங்கை அளவு முகம். பெண் பிள்ளைக்கு ஆக வேண்டியதையெல்லாம் செய்தது அந்தக் காய்த்த விரல்கள். வேறு எதை வரைவாள்? பின்னால் ஈர மலையும் பனியும், வாசலில் மண்டி போட்ட ரதியும், வெள்ளை யூனிபோர்மில், முதுகை அரைவாசி காட்டிக் கண்ணை மூடி நிற்கும் சிறுமியுமாக அவள் வரைந்து முடித்ததைப் பார்த்து டீச்சர் அதற்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, "அப்பாட்ட கேட்டியா?" என்றார். கேஷிகா ஆமாம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினாள். வாயால் சொல்லாததைப் பொய்யில் சேர்க்கக் கூடாது என்று நினைத்தாள் போலிருக்கிறது.

இப்போது தோட்டத்துச் சனம் மண்டபத்துக்குள் நுழைந்து மலையைத் தேடியது. எங்கே பார்த்தாலும் மலைதான், எது முத்துலிங்கம் மகள் மலை என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசிச் சுவர் பக்கம் டவுன் பிள்ளைகள் சிலர் கூடி நின்று, "ஆம்பள சாரி கட்டியிருக்குடி!" என்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சனம் அந்தப் பக்கம் திரும்பியது. எல்லாருக்கும் முகம் தெரிந்துவிட்டது.

லெட்சுமணன் மாஸ்டர் பழக்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். கும்பிட்ட பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. "யாரு இத இங்க கொண்டாந்து மாட்டினது? பொட்டல விட்டு ரதிய டவுனுக்குக் கொண்டாந்து, கண்ட புள்ளைகளும் சிரிக்க வச்சிருக்கீங்களே! டீச்சரம்மா, இதக் கழட்டுங்க. மொதல்ல கழட்டுங்க!"

பிரேமினி டீச்சர் கேஷிகாவைப் பார்த்தார். கேஷிகா அப்பாவைப் பார்த்தாள். அவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கழுத்து வரை சிவந்திருந்தது. படமாவது கண்காட்சியாவது, அப்பா இப்படி நிற்பதைப் பார்க்கிற கொடுமை வேண்டாம் என்று அவளே போய்ப் படத்தின் கயிற்றில் கை வைத்தாள்.

"இரு பாப்பா" என்றார் முத்துலிங்கம். எப்போதும் கத்திப் பேசுகிற மனுசனின் குரல் அவ்வளவு தணிந்து வந்ததை அவள் கேட்டதில்லை. "அண்ணே, இது ரதி இல்ல."

"என்னாய்யா சொல்ற? கிரீடம் நான் செஞ்சது. அந்த மூஞ்சிக்குச் சாயம் பூசுனது நான். எனக்கே ரதிய அடையாளம் சொல்லித் தர்றியா?"

"ரதி எங்கண்ணே புள்ளைக்குத் தல பின்னும்? இது நான்தான். அவ அம்மா வெளிநாடு போன வருசம், காமன் எரிஞ்ச அன்னிக்கு, வேசத்தக் களையாம வீட்டுக்கு ஓடிட்டேன். பாப்பாவுக்குச் சடை போட்டுவிட ஆளில்லண்ணே."

மண்டபத்தில் யாரோ மறுபடியும் சிரித்தார்கள். ரதி என்று அவர் ஒத்துக்கொண்டிருந்தால் அந்தச் சிரிப்பு அவர்மேல் பட்டிருக்காது. ரதியின் பாடு அது, மாஸ்டர் சொன்னபடி படத்தைக் கழற்றியிருப்பார்கள், கதையும் முடிந்திருக்கும். நான்தான் என்று சொன்னதால், பெண்சாதி சேலையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு ஸ்டோர்க்கார ஆம்பளையாக, அத்தனை பேர் முன்னாலும் அவர் நிற்க வேண்டியதாயிற்று. நின்றார்.

மாஸ்டர் பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். கோபம் இறங்கி, முகம் வாடிப்போயிருந்தது. "காப்பு அவுக்கிறதுக்கு முந்தியா?"

"ஆமாண்ணே."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே தம்பி."

"பயந்தாண்ணே."

மாஸ்டர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "அப்ப இந்த மாசிக்கு ஒனக்குக் காப்புக் கட்ட முடியாது. கட்டுனா ஊரு என்னையத்தான் கேக்கும். வேற ஆளப் பாக்கணும்."

"தெரியும்ண்ணே" என்றார் முத்துலிங்கம்.

மாஸ்டர் எழுந்து டீச்சரிடம் போனார். "ரதி இல்லன்னு அவனே சொல்லிட்டான். அப்ப எனக்குப் பேச்சில்ல. படம் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வேனுக்கு நடந்தார்.

அப்பா எதைக் கொடுத்து அந்தப் படத்தைச் சுவரில் நிறுத்தினார் என்பது கேஷிகாவுக்குத் தெரியும். வருடம் முழுக்கச் சிரிக்கச் சிரிக்கப் பேசித் திரிகிற மனுசன், மன்மதன் எரிகிற அந்த ஒரு நாளில்தான் வாய்விட்டு அழுவார். முத்துலிங்கத்தைப் போலப் புலம்ப இந்தச் சுற்றுவட்டாரத்தில் ரதி இல்லை என்று கொத்மலையிலிருந்துகூட ஆள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அது யாருக்காக அழுகிற அழுகை என்று மகளுக்குத் தெரியாதா? அந்த அழுகைக்கு இருந்த ஒரே இடமும் இன்றைக்குப் போய்விட்டது.

அவள் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். "ரதின்னே சொல்லியிருக்கலாமேப்பா. நான் கழட்டியிருப்பேன்ல?"

"நீ கழட்டிருவன்னுதான் சொல்லல" என்றார்.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. குவைத்திலிருந்து ஜெயலெட்சுமி. மகள் வரைந்த மலையைப் பார்க்க வேண்டும் என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தாள். முத்துலிங்கம் போனைத் திருப்பிப் படத்துக்கு நேராகப் பிடித்தார்.

முதலில் அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஐயோ, எங் கூரைச்சேல! ஏங்க, அது நீங்களா?" அப்புறம் சிரிப்பு நின்றது. "கொஞ்சம் கிட்ட காட்டுங்க. இன்னும் கிட்ட. புள்ளையோட தலையக் காட்டுங்க." படத்துச் சிறுமியின் பின்னந்தலைக்குப் போன் போனது.

"வகிடு கோணலா இருக்குடி" என்றாள் ஜெயலெட்சுமி. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

"கோணலாத்தாம்மா எடுத்தாரு" என்றாள் கேஷிகா.

முத்துலிங்கத்தின் தோள் குலுங்கியது. காப்பு இல்லை, கிரீடம் இல்லை, மறைத்துக்கொள்ள முகத்தில் ஒரு பொட்டுச் சாயம்கூட இல்லை. இஸ்திரி போட்ட தன் சொந்தச் சட்டையோடு, டவுன் சனம் பார்க்கப் பார்க்க, அவர் வாய்விட்டு அழுதார். போன் கைநழுவப் பார்த்தது. கேஷிகா அதை வாங்கி, அம்மாவுக்கு அப்பாவின் முகம் தெரியும்படி பிடித்துக்கொண்டாள்.