வெடிமருந்து அறைச் சுவர்

எங்க தாத்தாவோட அப்பா தமெகிச்சி ஒரு பயந்தாங்கொள்ளி. அவரே சொல்லிப்பாராம். அந்தப் பயத்தாலதான் நாங்கல்லாம் இன்னிக்கு இருக்கோம், கேளுங்க.

'ஷிராமினே'ங்கற போர்க்கப்பல்ல அவருக்கு நோயாளிங்களைப் பார்த்துக்கற வேலை. அந்த மாதிரி கப்பலுக்குப் பக்கவாட்டுல கவசமே கிடையாது. உள்ளே ஆமை ஓடு மாதிரி வளைஞ்ச எஃகுத் தளம், ரெண்டு ஓரமும் நிலக்கரி அறை, அவ்ளோதான். குண்டு வந்தா கரிதான் தடுக்கணும். கரி அறையை ஒட்டி ஒரே ஒரு இரும்புச் சுவர், அதுக்கு அந்தப் பக்கம் வெடிமருந்து.

சஸெபோ துறைமுகத்தை விட்டுக் கிளம்பி ரெண்டாம் நாள் காலையில, கீழ போன தமெகிச்சிக்கு மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை.

"குமாஸோ அண்ணே, கரி உள்ளுக்குள்ளயே புகையுது போல!"

குமாஸோ உலைக்குக் கரி தள்றவங்களுக்குத் தலைவர். வெடிமருந்து அறைக்குள்ள வந்து சுவர்ல உள்ளங்கையை வச்சார். சூடு இருக்கான்னு எப்பவும் அப்படித்தான் பார்ப்பாங்க.

"ஒண்ணுமில்ல. டேய் டாக்டரு, உனக்குத்தான் ஜுரம், போய்ப் படு!"

கூட இருந்தவங்க ஒரே சிரிப்பு.

"இந்த அறைக்குள்ள தண்ணி விடச் சொல்லலாமா அண்ணே?"

"விட்டா வெடிமருந்து பூரா நாசம். பொய்னு தெரிஞ்சா உன் தலை போயிடும்டா."

தமெகிச்சிக்குப் பயம்தான். ஓடிடலாம்னா கடல்ல எங்க ஓடறது? ஜுரம் பார்க்கற மாதிரி புறங்கையைச் சுவர்ல வச்சார். சுட்டுது. நம்பாம கன்னத்தை வச்சார். அய்யோ!

அப்பதான் உறைச்சுது. இருபது வருஷம் உலைக்கதவைத் திறந்து காய்ச்சுப் போன கை குமாஸோவோடது, அதுக்கு எது சூடு?

"அண்ணே, கன்னத்தை வச்சுப் பாருங்க."

"போடா, சுவரைக் கொஞ்சச் சொல்றியா?"

"வைங்கண்ணே!"ன்னு அவர் தலையைப் பிடிச்சுச் சுவரோட அமுக்கிட்டாராம், அந்தப் பயந்தாங்கொள்ளி! குமாஸோ போட்ட அலறல்ல மேல இருந்த அதிகாரியே இறங்கி ஓடி வந்துட்டார்.

எல்லாரையும் வெளிய தள்ளி, கதவை மூடி, தண்ணியைத் திறந்து விட்டாங்க. உள்ளே 'புஸ்ஸ்'னு சத்தம். சுவர்ச் சூடு தணியுதா, வெடிக்கப் போகுதா, யாருக்குத் தெரியும்? கப்பல்ல இருந்த முந்நூறு பேரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கிட்டிருந்தாங்க. சத்தம் குறைஞ்சு, குறைஞ்சு... நின்னுச்சு.

குமாஸோ செவந்த கன்னத்தைக் காட்டினார். "தம்பி, மருந்து போடுடா."

போட்டார். கை நடுங்கின நடுக்கத்துல பாதி மருந்து குமாஸோ மீசைக்குத்தான் போச்சாம்.