கீழ்த்தளத்து அறை

ஆரணியில் ஒரு பட்டுக்கடையை அண்ணன் சிவப்பிரகாசமும் தம்பி பார்த்திபனும் சேர்ந்து நடத்தினார்கள். தம்பியின் வெள்ளிவிழாக் கல்யாண நாளுக்குக் குடும்பத்தோடு கப்பலில் இலங்கை போய்வருவதென்று முடிவானது. டிராவல்ஸ்காரர் கடைக்கே வந்து, லேப்டாப்பில் கப்பலின் படத்தைத் திறந்து வைத்தார்.

"மேல் மாடி, முன்பக்கம். பால்கனியோட ரெண்டு ரூம் போடுங்க," என்றார் பார்த்திபன்.

சிவப்பிரகாசத்தின் மனைவி ஜெயம் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கணவருக்கு உள்காதில் கோளாறு. தலைசுற்றல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பார். வேலூர் டாக்டரிடம் காட்டியது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். தம்பிக்குத் தெரிந்தால் வீட்டில் உட்கார வைத்துவிட்டுக் கடையைத் தன் கையில் எடுத்துக்கொள்வான் என்று அவருக்குப் பயம். இப்போதும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, எந்த ரூம்ல ஆட்டம் கம்மியா இருக்கும்?" என்று ஜெயமே கேட்டாள்.

"கீழ்த்தளம்மா. அதுலயும் கப்பலோட நடுவாண்ட. மேல போகப் போக, முன்னாடி போகப் போக ஆட்டம் ஜாஸ்தி."

"அப்போ எங்களுக்கு அதையே போட்டுடுங்க. எனக்குத்தான் ஒத்துக்காது."

"அண்ணிக்கு இங்க இருக்குற தேவிகாபுரத்துக்குப் போற பஸ்ஸே ஒத்துக்காது போல!" பார்த்திபன் சிரித்தார். கூடவே சிவப்பிரகாசமும் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் ஜெயத்துக்குச் சுருக்கென்று தைத்தது. கப்பல் ஏறும்வரை கணவரிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடலில் இரண்டாம் நாள் காலை காற்று எழுந்தது. நடுவிலிருந்த அறையும் ஆடத்தான் செய்தது. சிவப்பிரகாசம் கண்ணைத் திறக்க முடியாமல் கட்டில் விளிம்பைப் பிடித்தபடி கிடந்தார். ஜெயம் அவர் வாயருகே பையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது.

"அண்ணி, எப்பிடி இருக்கீங்க? டாக்டரை இட்டுகினு வரட்டா?"

கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். "இப்பதான் வாந்தி எடுத்தேன் தம்பி. உள்ள வராதீங்க. உங்க அண்ணன் பாத்துகினுதான் இருக்காரு."

"பொய் சொல்லாத ஜெயம்." கட்டிலிலிருந்து குரல் வந்தது. "பார்த்தி, எனக்குத்தான்டா முடியல. ஒரு வருசமா இப்பிடித்தான்."

ஜெயம் கதவை விட்டு விலகினாள். பார்த்திபன் உள்ளே வந்து, துண்டை நனைத்து அண்ணனின் நெற்றியைத் துடைத்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "கடையில வேற யாருக்குத் தெரியும்?"

அது அக்கறையா, வேறு எண்ணமா என்று ஜெயத்துக்குப் பிடிபடவில்லை. சிவப்பிரகாசம் தம்பியின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். கப்பல் மறுபடி சாய்ந்தது. பார்த்திபன் கையை உருவிக்கொள்ளவில்லை.