ஏழாம் நம்பர் பிராசசர்

எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது பொய். என்னைக் கோபப்படுத்துகிறவர்கள்தான் ஜாஸ்தி. இந்தக் கம்ப்யூட்டர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மேகலா. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கிற பிரிவில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறேன். நாட்றம்பள்ளியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து ஹைவேயில் போகிற லாரிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நிஜ லாரியை என்னிடம் யார் தரப் போகிறார்கள்? போனில் லாரி ஓட்டுகிற கேம் ஒன்றைப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில் நானும் பக்கத்து மேசை ஃபிர்தௌஸும் ஆடுவோம். நான் நன்றாகவே ஓட்டுவேன். ஆனால் போன் சூடாகி, சரியாக மலைப்பாதை நடுவில் நின்றுவிடும்.

அதனால் இந்த வருஷ போனஸில் ஒரு டெஸ்க்டாப் வாங்குவது என்று முடிவு செய்தேன். கேம் எனக்கு. மற்றபடி கரண்ட் பில் கட்டுவது, சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, மூன்றாவது படிக்கும் மகள் பாரதியின் பள்ளிக்கூட வேலை எல்லாம் வீட்டுக்கு. கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் எனக்கென்று நான் கேட்ட முதல் பொருள் இதுதான். அதை நானே பார்த்துப் பொறுக்கி வாங்க வேண்டும் என்று நினைத்தேன். இதில் என்ன தப்பு?

சனிக்கிழமை மத்தியானம் ஷிஃப்ட் முடிந்ததும் என் வீட்டுக்காரர் டேனியலை ஆம்பூருக்கே வரச் சொல்லி, இரண்டு பேருமாகக் கடைக்குப் போனோம். அவர் தோல் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். குரல் உயர்த்தாத மனுஷன். கடைக்காரர் பெயர் சாமிநாதன். உள்ளே நுழைந்ததுமே என்னைத் தாண்டி என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"வாங்க சார். பையனுக்கா?"

எங்களுக்குப் பையனே இல்லை. இவர் அதைச் சொல்லாமல் நின்றார். நான் சொன்னேன்.

"எனக்குத்தான். கேம் ஆடணும். வீட்டு வேலைக்கும் ஆவணும்."

"கேமா?" என்று அவர் இவரைப் பார்த்தே கேட்டார். பதில் சொன்னது நான், கேள்வி போனது இவருக்கு. அதற்கே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

கம்ப்யூட்டருக்கு முக்கியம் பிராசசர்தான், அதை வைத்துத்தான் மற்றதெல்லாம் என்று சொல்லி, மூன்று டப்பாக்களை எடுத்து மேசையில் வைத்தார். ஐ த்ரீ, ஐ ஃபைவ், ஐ செவன். த்ரீ விலை கம்மி. ஃபைவ் அதைவிட அதிகம். செவன் விலையைக் கேட்டால் மயக்கம் வரும்.

இந்த இடத்தில்தான் நான் தப்புச் செய்தேன். ஒத்துக்கொள்கிறேன். எங்கள் பிரிவில் தோலை ஒன்று முதல் ஏழு வரை பிரிப்போம். ஒன்று என்றால் கீறல், உண்ணிக் கடி எதுவும் இல்லாத தோல். நம்பர் ஏற ஏறத் தரம் இறங்கும். மூன்றாம் நம்பர் ஷூவின் முன்பக்கத்துக்கே போகும். ஏழாம் நம்பர் வெளியே தெரியாத இடத்துக்குக்கூட யோசித்துத்தான் போகும். பதினொரு வருஷம் அந்த நம்பரைத் தோல் முதுகில் எழுதிய கை இது. ஏழுக்கு இத்தனை விலை சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

"இன்னா இது, மூணாம் நம்பரு கம்மி வெல, ஏழாம் நம்பரு ஜாஸ்தி வெலயா?" என்றேன். "ரிஜெக்ஷன் சரக்க எங்க தலையில கட்டலாம்னு பாக்குறீங்களா? நாங்களும் இதே வேலதான் பாக்குறோம்."

சாமிநாதன் ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு புரிந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். பில் போடுகிற பெண் சிரித்தாள். பிரிண்டர் வாங்க வந்தவர் சிரித்தார். எனக்கு அவர்கள் யாரும் ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரரும் சிரித்தார். அதுதான் எனக்கு வலித்தது.

"சார், மேடம் தோல் பாக்கட்டும். நீங்க மட்டும் ஒரு நாளு தனியா வாங்க, நல்லதா பாத்து முடிச்சிடலாம்" என்றார் சாமிநாதன். இவர் "சரிங்க" என்று தலையாட்டினார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

பஸ்ஸில் அவரை விட்டுத் தனியாகப் போய் உட்கார்ந்தேன். நாட்றம்பள்ளியில் இறங்கும்போது, "தப்பா சொன்னதுக்குத்தான சிரிச்சேன், இதுக்குப் போயி" என்று இழுத்தார். அவர் எத்தனை தடவை தப்பாகச் சொல்லியிருப்பார். மாமியார் வீட்டில், பள்ளிக்கூடத்தில், தாலுகா ஆபீசில். நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, வெளியாள் முன்னால் சிரித்திருப்பேனா?

திங்கட்கிழமை ஃபிர்தௌஸிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அவள் தம்பி வேலூரில் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் அவர்கள் வீட்டில் இருக்கிறது. அவளுக்குக் கொஞ்சம் தெரியும்.

"அந்த மூணு, அஞ்சு, ஏழையே புடிச்சிக்கினு இருக்காத" என்றாள். "அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய நம்பரு வரும். அதுல முன்னாடி இருக்கறதுதான் எத்தனாவது தலைமுறைன்னு சொல்லும். பழைய ஏழ விட புது மூணு ஜோரா ஓடும். ஏழுன்னு சொல்லி பழச விக்கிறவங்க நெறைய பேரு இருக்காங்க. உஷாரா இரு."

அன்றிலிருந்து மூன்று வாரம், பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் நான் லாரி ஓட்டவில்லை. பிராசசர் படித்தேன். எத்தனை கோர், கரண்ட் எவ்வளவு இழுக்கும், எவ்வளவு சூடாகும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் ஆடுகிற கேமுக்குக் கிராபிக்ஸ் கார்டு தனியாக வாங்க வேண்டியதில்லை, உள்ளேயே நல்ல கிராபிக்ஸ் வைத்து வருகிற பிராசசர் இருக்கிறது என்று தெரிந்தது. கடைசியில் வேறொரு கம்பெனியின் பிராசசர், ஆறு கோர் உள்ள ரைசன் ஃபைவ் ஒன்றைப் பிடித்தேன். பெயருக்குக் கடைசியில் ஜி என்ற எழுத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே கிராபிக்ஸ் அவ்வளவாக இருக்காது. பின்னால் கையில் வசதி வந்தால் தனிக் கார்டு போட்டுக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஃபிர்தௌஸிடம் காட்டினேன். "இதான் கரெக்ட்டு" என்றாள். அந்த வார ஞாயிற்றுக்கிழமை வேலூர் போய்ப் பார்க்கலாம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் கூடத்து மேசை மேல் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருந்தது.

கண்ணாடிப் பக்கம் வைத்த கருப்புப் பெட்டி. உள்ளே சிவப்பு, நீலம், பச்சை என்று விளக்கு மாறி மாறி எரிந்தது. பக்கத்தில் டேனியல் கையைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் பூரிப்பாக நின்றார்.

"ஐ செவன்" என்றார். "இருக்கறதுலயே டாப்பு. சாமிநாதன் சார் எனக்காகப் பாதி வெலைக்கு முடிச்சிக் குடுத்தாரு."

"எந்தப் பணத்துல?"

"உன் போனஸ்லதான். உனக்குத்தான வாங்கினேன்."

என் ஏடிஎம் கார்டு அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். எங்கள் பிரிவில் பாதிப் பெண்களுடைய கார்டு அப்படித்தான். கல்யாணமான புதிதில் "நீ எங்க அலையப் போற" என்று வீட்டுக்காரர்கள் வாங்கி வைத்தார்கள், நாங்களும் கொடுத்தோம். நாள் முழுக்க நின்று தோல் புரட்டுவது நாங்கள், ஏடிஎம்மில் பட்டனை அமுக்குவது அவர்கள். இதுவரை நான் அதைப் பற்றி யோசித்ததில்லை. அன்றைக்கு யோசித்தேன்.

நாற்காலியில் உட்கார்ந்து, பிராசசர் பெயர் எங்கே இருக்கும் என்று தேடித் திறந்தேன். ஐ செவன்தான். பின்னால் 3770 என்று இருந்தது. மூன்றாம் தலைமுறை. வந்தது 2012இல். எங்களுக்குக் கல்யாணமே ஆகாத வருஷம். பெட்டி மட்டும்தான் புதுசு. கெட்டியாகப் பெயின்ட் அடித்து முதல் தரம் என்று அனுப்பி வைத்த தோல் மாதிரி இருந்தது. கேமைப் போட்டேன். மலை வரைக்கும்கூடப் போகவில்லை, ஊர் எல்லையிலேயே லாரி திணறியது.

"இது பன்னெண்டு வருஷத்துக்கு மேல பழசுங்க" என்றேன்.

"நீதான அன்னைக்கு ஏழு மட்டம்னு சொன்ன. தப்புன்னு ஆயிடிச்சி இல்ல?"

"ஆமா, நான் சொன்னது தப்பு. தெரியாம சொன்னேன். அப்புறம் மூணு வாரம் ஒக்காந்து படிச்சேன். நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. ஒரு வார்த்த கேட்டீங்களா?"

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழவில்லை. பில் எங்கே என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'ஐ7 டெஸ்க்டாப், புதியது, ஒரு வருட வாரண்டி' என்று கையெழுத்தோடு இருந்தது. அதை மடித்து என் பையில் வைத்தேன்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். இவரையும் போடச் சொன்னேன். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். கடையில் நாலைந்து பேர் இருந்தார்கள். சாமிநாதன் வழக்கம்போல என்னைத் தாண்டிப் பார்த்தார்.

"இன்னா சார், எதுனா கம்ப்ளைண்ட்டா?"

"கம்ப்ளைண்ட் எனக்கு" என்றேன். "புதுசுன்னு பில்லு போட்டிருக்கீங்க. உள்ள இருக்கறது 2012ல வந்த பிராசசர்."

"ஐ செவன்னா ஐ செவன்தாங்க" என்று சிரித்தார். "மேடம் இன்னும் அந்த மூணாம் நம்பருலயே இருக்காங்க போல."

"சரி. உங்க மூணாம் நம்பரையே எடுங்க. அதோ அந்த மேசையில புதுசு ஓடுதே, பன்னெண்டாவது தலைமுறை, அதுக்குப் பக்கத்துல இத வெய்ங்க."

அவருக்கு இஷ்டமில்லை. ஆனால் கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிவிட்டார்கள். வாங்கும்போது சோதித்துப் பார்ப்பதற்காக, பிராசசருக்கு மார்க் போடுகிற ஒரு சின்ன புரோகிராமை பென்டிரைவில் ஃபிர்தௌஸ் முன்பே ஏற்றிக் கொடுத்திருந்தாள். இரண்டிலும் அதை ஓட்டினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சாமிநாதனின் டாப் ஐ செவன் வாங்கிய மார்க், அந்தச் சாதாரண ஐ த்ரீ வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். அவ்வளவுதான்.

மகளுக்காகக் கம்ப்யூட்டர் வாங்க, கலவை என்கிற ஊரிலிருந்து வந்திருந்த ஒருவர் கையில் அதே மாதிரி கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதைக் கீழே வைத்தார்.

"எனக்குக் குடுத்தது எத்தனாவதுங்க?" என்று என்னிடம் கேட்டார். சாமிநாதனிடம் கேட்கவில்லை.

நான் பார்த்துச் சொன்னேன். அவருடையதும் மூன்றாவதுதான். அவர் பில்லிலும் புதியது என்றுதான் இருந்தது.

அதற்கு மேல் சாமிநாதன் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போகப் பார்த்தார். "சார், நமக்குள்ள எதுக்குப் பேஜாரு. உங்க மொகத்துக்காக வேற மாத்திக் குடுத்துடறேன்."

உங்க முகத்துக்காக. கண்டுபிடித்தது நான், நிரூபித்தது நான், பணம் என்னுடையது. நியாயம் மட்டும் இவர் முகத்துக்காகக் கிடைக்குமாம். இவர் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சரிங்க என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்தக் கடையிலேயே எங்கள் பத்து வருஷத்தையும் விட்டுவிட்டு வந்திருப்பேன்.

டேனியல் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அன்னைக்கே தெரியாது" என்றார். "அவங்ககிட்ட பேசுங்க."

மாற்று எதுவும் வேண்டாம், பணத்தைக் கணக்கிலேயே திருப்பிப் போடச் சொன்னேன். போட்டார். போனில் செய்தி வந்தபிறகுதான் பில்லைக் கொடுத்தேன். படியிறங்கும்போது இவர், "இப்ப கோவம் போச்சா?" என்று கேட்டார். ஒரு வார்த்தை சொன்னதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பு. நான் கையை நீட்டினேன்.

"கார்ட குடுங்க."

"வீட்ல போயி குடுக்கறனே. நடு ரோட்டுல எதுக்கு?"

"இங்கயே குடுங்க."

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எதிரே இருந்த ஏடிஎம்மில் நுழைந்து ரகசிய நம்பரை மாற்றினேன். அவர் வெயிலில் வெளியே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேலூரில் வேறு ஒரு கடையில் என் தாளைக் காட்டினேன். அதில் எழுதியிருந்த பிராசசரையே எடுத்துவந்து, டப்பாவைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்தார்கள். பெயரை, நம்பரை, கடைசியில் இருக்கும் ஜி எழுத்தை நிதானமாகச் சரிபார்த்தேன். மற்ற பாகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி என்றேன். பில்லில் என் பெயரைப் போடச் சொன்னேன். கடைக்காரர் என் கார்டைச் செருகி, விலையைப் போட்டு, நம்பர் அமுக்கச் சொல்லி அந்தச் சின்ன மெஷினை நீட்டினார். என் பக்கம் இல்லை, என் வீட்டுக்காரர் பக்கம்.

அவர் அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். அவருக்கு நம்பர் தெரியாது.