மூன்று செயலிகளும் ஒரு நீலக் குடையும்

பாப்பாவை எடுத்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், ஆபீசரை எடுத்தால் இவளே அழுதுவிடுவாள், சித்தப்பாவை எடுத்தால் இந்தச் சனிக்கிழமை போய் அடுத்த சனிக்கிழமையும் போய்விடும், ஆனால் சித்தப்பாவிடம்தான் நூற்றிருபது வாத்தியம் இருக்கிறது, வயலின் மட்டுமே ஒன்பது, ஒன்பது வயலினை வைத்துக்கொண்டு நீ என்னடி செய்யப்போகிறாய் என்று யாராவது கேட்டால் பதில் கிடையாது, இருந்தாலும் இருந்துவிட்டுப் போகட்டுமே, சரி, பொத்தானை அழுத்து... அழுத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சத்தம் புகாத சின்ன அறைக்குள், ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்திருந்த பெரியவர் தன் கையிலிருந்த பொத்தானை அழுத்தினார். இவள் மேஜையில் பச்சை விளக்கு எரிந்தது. கேட்கிறது என்று அர்த்தம். காது பரிசோதிப்பது அவள் வேலை, பதினைந்து வருஷமாக, ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி முதல் டாக்டர் வரை அவளுக்குப் பெயர் காது மேடம்தான். பாப்பாவும் ஆபீசரும் சித்தப்பாவும் மனிதர்கள் இல்லை, டேப்லெட்டில் பதினோரு நாளாகக் குடித்தனம் நடத்தும் மூன்று செயலிகள், பாட்டுக் கட்டுகிற மிடி சீக்குவென்சர்கள், பட்டப்பெயர் மட்டும் இவள் வைத்தது. கலர் கலராகப் பெட்டிகள் குதிப்பது பாப்பா. முழுக்க அட்டவணையும் எண்ணுமாக இருப்பது ஆபீசர். ஒன்று கேட்டால் ஒன்பது கேள்வி திருப்பிக் கேட்பது சித்தப்பா, அவளுடைய சொந்தச் சித்தப்பாவும் அப்படித்தான், மணி என்ன சித்தப்பா என்றால் எதுக்குக் கேக்குற என்பார். மூவருக்கும் டேப்லெட்டில் இடம் போதாமல், கணவர் எடுத்து வைத்திருந்த நானூறு மேகப் படங்களை அழித்தாயிற்று, அவர் இன்னும் கவனிக்கவில்லை, கவனித்தால் என்ன, மேகம்தானே, நாளைக்கும் வரும். மணி ரெண்டே முக்கால். நாலு மணிக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கற்றுக்கொண்டு, பாட்டும் கட்டி அனுப்பியாக வேண்டும். பொத்தான். பச்சை விளக்கு. நல்ல காதுதான் மனுஷனுக்கு.

எல்லாம் நாத்தனார் கொண்டு வந்த வினை, இல்லை, இவள் வாய் கொண்டு வந்த வினை. நாத்தனார் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கிறாள், சனிக்கிழமை முப்பது பிள்ளைகள் காலில் சக்கரத்தோடு எல்லோர் முன்னாலும் சுற்றப்போகிறார்கள், அதற்கு ரெண்டு நிமிஷ இசை வேண்டும், அடுத்தவன் பாட்டைப் போட்டால் வம்பு வரும். "அண்ணி, நீங்கதான் எப்பப் பாத்தாலும் மேஜையத் தட்டிக்கிட்டே இருப்பீங்களே, நீங்களே ஒண்ணு போட்டுக் குடுங்களேன்" என்று சும்மா கிண்டலுக்குச் சொன்னாள். சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். "அதுக்கென்ன, குடுத்தா போச்சு" என்றாள் இவள். ஏன் சொன்னாள்? எந்தப் பேய் சொல்ல வைத்தது? பேயெல்லாம் இல்லை, பாட்டு டீச்சர்தான். ஏழாம் வகுப்பு, கூட்டுப்பாட்டு, நாற்பது பிள்ளைகள், டீச்சர் வரிசை வரிசையாகக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே வந்து இவளிடம் நின்று, உனக்குச் சுருதி சேரல, நீ வாய மட்டும் அசை, சத்தம் வேணாம், பரவால்ல... மூன்று வருஷம் வாயை மட்டும் அசைத்தாள். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, எம் பொண்ணு குரல் மட்டும் தனியா தெரிஞ்சுது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார், பாவம், அவர் காதை இப்போது பரிசோதிக்க வேண்டும் என்று தோன்றுகிறது. அந்தப் 'பரவால்ல' இருக்கிறதே, அதை இந்த முப்பது வருஷத்தில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டாள். இன்று காலையில் நாத்தனாரும் அனுப்பிவிட்டாள்: நாலு மணிக்குள்ள வரலன்னா கீபோர்டுக்காரர்கிட்ட சொல்லிடறேன், முடியலன்னா பரவால்ல அண்ணி. கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை. அந்தப் பொம்மையின் பல்லைப் பார்க்கும்போதே பற்றிக்கொண்டு வந்தது. பரவாயில்லையாமே. பரவாயிருக்கிறது, ரொம்பவே பரவாயிருக்கிறது, இவளுக்குள் ஒரு பாட்டு இருக்கிறது என்று ஒரே ஒரு ஆளாவது, ஒரே ஒரு தடவையாவது...

பொத்தான். விளக்கு. பெரியவர் முப்பத்தொரு வருஷம் பாட்டில் கம்பெனியில் மூடி அழுத்தும் மெஷினில் நின்றவர். பெரியவரின் மனைவி வெளியே பெஞ்சில். உள்ளே வரும்போதே பஞ்சாயத்து ஆரம்பித்துவிட்டது. "நான் சொல்றது எதுவுமே இவருக்குக் கேக்கறதில்ல மேடம், பால் பொங்குதுன்னா பேப்பரத் திருப்புறாரு." பெரியவர் இவளிடம் ரகசியம்போல, ஆனால் கட்டடமே கேட்கிற சத்தத்தில், "எனக்கு எல்லாம் கேக்குதும்மா, இவ சொல்றதுதான் கேக்குற மாதிரி இருக்காது" என்றார். இன்று தாளில் வரும் கோடுதான் தீர்ப்பு, யாருக்கு ஜெயம் என்று அது சொல்லிவிடும். அவர்கள் கவலை அவர்களுக்கு. இவள் கவலை வாத்தியம். எந்தச் செயலியைத் திறந்தாலும் முதல் கேள்வி அதுதான், எந்த வாத்தியம்? பதினோரு நாளாக அந்தக் கேள்வியைத் தாண்டவே முடியவில்லை. இந்த மிடி என்பது சத்தமே இல்லையாம், எந்தக் கட்டையை எப்போது அழுத்து, எவ்வளவு பலமாக அழுத்து, எப்போது விடு என்கிற வெறும் குறிப்புதானாம், சத்தம் அப்புறம் வாத்தியத்தில்தான் வருமாம், படித்தபோது அடடா என்றிருந்தது, படித்து முடித்தபோது ஒன்றும் புரியவில்லை. இவளுடைய காது மெஷினிடம் கேட்டால் அது என்ன சொல்லும்? அதற்குத் தெரிந்தது அநேகமாக ஒரே ஸ்வரம், அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே, இன்னொரு ஸ்தாயி மேலே, அப்படியே ஏறி எலி கத்துகிற மாதிரி போய் நிற்கும். பதினைந்து வருஷம் ஒரே ஸ்வரத்தோடு உட்கார்ந்திருந்தால் மனுஷி என்ன செய்வாள், மேஜைமேல் விரல் தன்னால் ஒரு தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது, பொத்தானும் அதன்படியே விழுகிறது, ஒன்று, ரெண்டு, ஒரு மூச்சு விட்டு மூன்று, ஒன்று, ரெண்டு, ஒரு மூச்சு விட்டு மூன்று... மூலையில் நீலக் குடை சாய்ந்து நிற்கிறது. போன வாரம் வந்த லைப்ரரி அம்மா விட்டுப்போனது. அருமையான காது, கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக வந்தது, குடை குடை என்று இவள் பின்னாலேயே கூப்பிட, ஆமா ஆமா ரொம்ப நன்றி என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார், புத்தகத்தோடு புழங்குகிறவர்களுக்கு ஞாபகம் அப்படித்தான். ஒன்று, ரெண்டு, மூச்சு, மூன்று. பெரியவருக்குக் கோடு அதைவிட நேர். வெளியே பெஞ்சில் அவர் மனைவி தோற்றுப்போனார்.

டேப்லெட் சிணுங்கியது. நாத்தனார். அண்ணி, கீபோர்டுக்காரர் ஃப்ரீயா இருக்காராம், சொல்லிடவா? அதற்கும் ஒரு சிரிக்கும் பொம்மை. இவள் கை மெஷினை விட்டுவிட்டு டேப்லெட்டுக்குப் போனது, 'வேண்டாம்' என்று எழுதி, அழித்து, 'ஏன் அவசரப்படுற' என்று எழுதி, அதையும் அழித்து, நிமிர்ந்தபோது... பச்சை விளக்கு எரிந்தது. இவள் எதையும் அழுத்தவில்லையே. மறுபடி எரிந்தது. ஒரு மூச்சு விட்டு மறுபடி. ஹெட்ஃபோனில் ஈ எறும்பு சத்தம் இல்லை, பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை மெல்ல ஆட்டிக்கொண்டு அழுத்திக்கொண்டிருக்கிறார், ஒன்று, ரெண்டு, மூச்சு, மூன்று. ஐயையோ. வேலையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்த விஷயம், இடைவெளியை மாற்றி மாற்றிக் கொடு, தாளம் விழுந்துவிட்டால் காது வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். கீழ் ஒலிகள் அவருக்குக் கேட்டிருக்கின்றன, அதில் தாளத்தைப் பிடித்துக்கொண்டார், மேலே போகப் போக ஒன்றுமே கேட்காவிட்டாலும் கை பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. முப்பத்தொரு வருஷம் மூடி அழுத்திய கை. அந்தத் தாளில் உள்ள நேர்கோடு காதின் கோடு இல்லை, இவளுடைய தாளம். மணி மூன்று ஐந்து.

இதை யாரும் பார்க்கவில்லை. தாளை எடுத்து டாக்டரிடம் கொடுத்தால் கையெழுத்தாகிவிடும், பெரியவர் ஜெயித்த களிப்பில் மீசையை முறுக்கிக்கொண்டு போவார், இவளுக்கு ஐம்பத்தைந்து நிமிஷம் முழுசாகக் கிடைக்கும், அந்த நேரத்தில் சித்தப்பாவைக்கூட மடக்கிவிடலாம். மறுபடி முதலிலிருந்து பார்த்தால் மூன்றரை, விளக்கிச் சொல்லி, அந்த அம்மா அழுது, பெரியவர் சண்டை போட்டு, நாலாகிவிடும், அப்புறம் கீபோர்டுக்காரர்தான், ஆயுசுக்கும் 'பரவால்ல அண்ணி'தான். யாருக்கு என்ன நஷ்டம், பால் பொங்கும், அவ்வளவுதானே? பால் மட்டுமா, பின்னால் வருகிற லாரி ஹாரன் அடித்தால்... சே, இந்த மனசுக்கு லாரி இப்போதுதான் ஞாபகம் வர வேண்டுமா, ஒரு பத்து நிமிஷம் கழித்து வரக்கூடாதா? எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். "சார், இன்னொரு தடவ பாத்துடலாம்." பெரியவர் ஹெட்ஃபோனைத் தூக்கி, "என்னது, முடிஞ்சுதா? எல்லாம் கேட்டுதும்மா" என்றார். இந்தத் தடவை இவள் இடது கையைத் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொண்டாள், வலது கை பொத்தானில், எட்டு விநாடி விட்டு ஒன்று, ரெண்டே விநாடியில் இன்னொன்று, வேண்டுமென்றே கோணல் மாணலாக, தாளத்தைக் கொல்லுவது எவ்வளவு கஷ்டம் என்று இன்றுதான் தெரிந்தது. கீழ் ஒலிகளுக்கு விளக்கு எரிந்தது. மேலே போனதும் விளக்கு தூங்கிவிட்டது. சத்தத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள், கோடு படியிலிருந்து உருண்ட மாதிரி கீழே போயிற்று. பொங்குதுங்க என்கிற குரலில் பாதி எழுத்து இவர் காதுக்கு வருவதே இல்லை, பாவம், அவர் பொய் சொல்லவில்லை, அந்த அம்மாவும் பொய் சொல்லவில்லை.

அந்த அம்மா அழவெல்லாம் இல்லை. தாளைப் பார்த்துவிட்டு, "அப்ப வேணும்னு பண்ணலியா?" என்று மட்டும் கேட்டார், முகம் என்னவோபோல் ஆகிவிட்டது, கணவரின் காலரைச் சரிசெய்துவிட்டார். டாக்டர் அறைக்கு அவர்களை அனுப்பும்போது இவள் கேட்காமல் இருக்க முடியாமல், சத்தமாகக் கேட்டாள், "சார், மொதல் தடவ சத்தமே இல்லாதப்பவும் அழுத்தினீங்களே, ஏன்?" பெரியவர் யோசித்தார். "தெரியலம்மா. கை தன்னால போச்சு. நல்லாருந்துச்சு. அடுத்தது எப்ப வரும்னு தெரிஞ்சிருச்சு, அதான்."

நல்லாயிருந்ததாம்! மணி மூன்று ஐம்பது. ஆபீசரைத் திறந்தால், புதுப் பதிப்பை இறக்கிய பிறகுதான் பேச முடியும் என்றார். சித்தப்பா மின்னஞ்சலுக்கு ஒரு எண் அனுப்பியிருப்பதாகவும் அதைச் சொன்னால்தான் உள்ளே விட முடியும் என்றும் சொன்னார், எதுக்குக் கேக்குற சித்தப்பா. பாப்பா மட்டும் கேள்வி கேட்காமல் திறந்தது. எந்த வாத்தியம்? கண்ணில் பட்ட முதல் பெட்டி, மணிச்சத்தமோ தண்ணீர்ச்சத்தமோ ஏதோ ஒன்று, போதும். எந்த ஸ்வரம்? இருக்கிறதே கைவசம் ஒன்று. அதையே நடுவில் வைத்தாள், மேலே வைத்தாள், இன்னும் மேலே, அப்புறம் தரை அதிரக் கீழே, ஒன்று, ரெண்டு, ஒரு மூச்சு விட்டு மூன்று. ஒரே ஸ்வரத்தில் சுருதி எங்கே போய்த் தப்பும், டீச்சர் வந்து காதைக் கொடுத்துக் கேட்கட்டுமே. தட்டியதைப் பாப்பா அப்படியே சுற்றிச் சுற்றி வாசித்தது. மூன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள். நாலு ரெண்டுக்குப் பதில் வந்தது. அண்ணி!! இது நீங்களா?? போட்டதுமே பிள்ளைங்க எல்லாம் சக்கரத்தத் தட்டுதுங்க, நான் சொல்லவே இல்ல, அதுங்களா தட்டுதுங்க! பொம்மை இல்லை. பரவால்ல இல்லை. இவள் அதை நாலு தடவை படித்தாள், ஐந்தாவது தடவை கண் கலங்கி எழுத்து தெரியவில்லை, தனியாக உட்கார்ந்து சிரித்தாள், கேட்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது போலிருக்கிறது, காது கேட்காதவருக்கே கை போயிற்றே, அதுவும் இன்றைக்கா நேற்றைக்கா, பதினைந்து வருஷமாக இந்த மேஜையில்...

சிரிப்பு பாதியில் நின்றது. பதினைந்து வருஷமாக இந்த மேஜையில். அழகான நேர்கோடுகள் எத்தனை, அதில் இவள் தாளம் எத்தனை? மூலையில் குடை சாய்ந்து நின்றது. குடை குடை என்று கத்தினாளே, ஆமா ஆமா ரொம்ப நன்றி என்று... பதிவேட்டைப் புரட்டி லைப்ரரி அம்மாவின் எண்ணைக் கண்டுபிடித்துப் போட்டாள். மறுமுனையில் ஒரு மணிச்சத்தம் கேட்டது. இன்னொன்று. எடுக்கவில்லை. லைப்ரரியில் ஃபோனைச் சத்தமில்லாமல் வைத்திருப்பார், இருக்கும், லைப்ரரியில் அப்படித்தானே வைப்பார்கள்... இன்னொரு மணி. மேஜைமேல் விரல் மெல்ல ஆரம்பித்தது, அந்தக் கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அடுத்த மணிக்குக் காத்திருந்தாள்.