டிரைவரைச் சேர்க்காமல் நாலு பேர்

1

இந்தக் கதையில் ஒரு வரி மட்டும் எனக்குச் சொந்தமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கொள்ளேகாலிலிருந்து மைசூர் வரும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "டிரைவரச் சேத்து எண்ணக்கூடாதுன்னா, அப்ப நான் ஆருங்?" என்று கேட்டாள். மறுமுனையில் என்ன பதில் வந்ததோ, சத்தம் போட்டுச் சிரித்தாள். நரசிபுரத்தில் இறங்கிப் போய்விட்டாள்.

என்ன விஷயம் என்று அவளிடமே கேட்டிருக்கலாம். எனக்குக் கூச்சம். தெரியாதவர்களிடம் மணி கேட்பதற்குக்கூட மனதுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறவள் நான். அதனால் பேருந்து நிலையத்திலிருந்து அக்ரஹாரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு நடந்து வருவதற்குள் மீதியை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன்.

முதல் வாக்கியத்துக்கு மூன்று முயற்சிகள் செய்தேன்.

"ஹனூர் மலைகளின் மீது விடியலின் பொன்னிறக் கதிர்கள்" — வேண்டாம். விடியலில் நான் எழுந்ததில்லை.

"ஒரு வண்டி, ஒரு பகல், போகத் தொண்ணூறு கிலோமீட்டர், வரத் தொண்ணூறு, எனில்" — இது இயற்பியல் வினாத்தாள்.

"பெரியப்பாவின் பசியால் தமிழ்ப்ரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிடும் போலிருந்தது." இதை வைத்துக்கொள்கிறேன். விளக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

2

தமிழ்ப்ரியா, கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹனூர்க்காரி. இருபத்தைந்து வயது. பி.எஸ்ஸி. வேதியியல். கொள்ளேகாலில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மைசூரில் ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சந்துரு, போன மாதம் தன் வீட்டாருடன் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போனான். இருவரையும் தனியாகப் பேச விட்டார்கள். நாலு நிமிடம். (அவள் மணி பார்த்தாள். ரத்தம் உறையும் நேரத்தைக் குறித்துக் குறித்து வந்த பழக்கம்.)

"மைசூர் பிடிக்குமா?" என்றான்.

"வெயில் கம்மி" என்றாள்.

அதற்குள் காபி வந்துவிட்டது.

அடுத்தபடியாக, பெண் வீட்டார் மாப்பிள்ளையின் வீடு பார்க்கப் போக வேண்டும். அவர்கள் பக்கத்தில் இதற்கென்று முறை இருக்கிறது. கல்யாணப் பெண் போகக்கூடாது. மூன்று பேராகப் போகக்கூடாது. போன ஊரில் ராத்தங்கக் கூடாது. அன்றைக்கே திரும்பிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சம்மதம் இருந்தால் ஒழிய அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. தண்ணீர், காபி பரவாயில்லை. உப்புப் போட்டது எதையாவது தின்றுவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று பொருள். அதற்கப்புறம் இல்லை என்று சொன்னால் இரண்டு ஊரும் சிரிக்கும்.

தமிழ்ப்ரியாவுக்குச் சந்துரு வேண்டாம் என்றில்லை. வேண்டும் என்றும் இல்லை. நாலு நிமிடத்தில் எதுவும் உறையவில்லை. அவள் பயந்ததெல்லாம் பெரியப்பா தொட்டையனின் வயிற்றுக்குத்தான். பன்னிரண்டரைக்குச் சோறு விழாவிட்டால் அவருக்குக் கண் இருட்டும். இலையைக் கண்டால் அது யார் வீட்டு இலை என்று பார்க்க மாட்டார். அண்ணன் உட்கார்ந்தால் அப்பாவும் உட்கார்ந்தாக வேண்டும். ஒரு பெண்ணின் ஆயுள் முழுவதும், யாரோ ஊற்றிய ஒரு கரண்டிக் குழம்பில் கரைந்து

[இந்த வாக்கியம் அழத் தொடங்கியது. நிறுத்திவிட்டேன்.]

ஆகவே, பயணத் திட்டத்தைத் தானே போடுவதாக அவள் சொன்னாள். படித்த பிள்ளை, போடட்டும் என்றார்கள்.

3

திட்டம் ஒரு பழைய பரிசோதனைத் தாளின் பின்பக்கத்தில் உருவானது.

ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரைக்கு எல்லோருக்கும் ராகிக் களி. இட்லி என்றால் பத்து மணிக்கே கரைந்துவிடும். களி மதியம் இரண்டு வரை அசையாது. (இதற்கு அறிவியல் ஆதாரம் கேட்காதீர்கள். பெரியப்பாவை இருபது வருடம் கவனித்ததில் தெரிந்தது.) எட்டுக்குப் புறப்பாடு. எட்டே முக்காலுக்குக் கொள்ளேகால். ஒன்பதரைக்கு நரசிபுரம், காபி, பத்து நிமிடம். பத்தரைக்கு மைசூர் எல்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு பதினொன்றுக்கு ஹெப்பாள். பதினொன்று ஐம்பதுக்கு வண்டியை எடுத்தே ஆக வேண்டும்.

ஏன் பதினொன்று ஐம்பது? ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை. எமகண்டத்தில் பெரியப்பா வண்டி ஏற மாட்டார். பன்னிரண்டைத் தாண்டிவிட்டால் ஒன்றரை வரை அந்த வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், தாளிக்கிற வாசனையோடு.

ஐம்பது நிமிடம். அதற்குள் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டால், முடிவு அங்கேயே ஆகிவிடாமல் ஹனூருக்குத் திரும்பி வரும். வந்தால் தன்னையும் கேட்பார்கள் என்று அவள் நம்பினாள்.

யார் ஓட்டுவது என்பதுதான் பாக்கி. வண்டி வீட்டுடையது, தக்காளி ஏற்றுகிற ஆம்னி வேன். அதை ஓட்டும் மாரிசாமி போன வாரம் வாய்க்கால் மேட்டில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. அப்பா சித்தையனுக்குக் கண் ஆபரேஷன் ஆகி மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்கு முகூர்த்த நாள் வேறு, ஊரில் ஒரு டிரைவரும் சும்மா இல்லை.

"நானே ஓட்டறேனுங்" என்றாள் தமிழ்ப்ரியா.

"பொண்ணு போகக்கூடாது கண்ணு" என்றார் பெரியப்பா.

"பொண்ணாப் போகலீங் பெரீப்பா. டிரைவராப் போறேன். ஊட்டுக்குள்ள வரவே மாட்டேன். வண்டியிலயே உக்காந்துக்கறேன்."

பெரியப்பா கண்ணை மூடி யோசித்தார். "அப்பச் சரி. டிரைவரு கணக்குல வராது."

"ஏனுங், அப்ப மூணு பேருதான ஆச்சு?" அம்மா லிங்கம்மா களிக் கோலோடு வந்து நின்றாள். "நீங்க, உங்க தம்பி, நானு. மூணு பேரு ஆராச்சும் நல்ல காரியத்துக்குப் போவாங்களா?"

"புள்ளையச் சேத்துனா நாலு."

"கணக்குல வராதுன்னு இப்பத்தானுங்க சொன்னீங்க?"

"சேத்துனா பொண்ணு வந்தாப்பல ஆயிருது. சேக்காட்டி மூணாயிருது." பெரியப்பாவுக்கே தலை சுற்றியது. "இதென்னடா எழவு!"

"டிரைவரச் சேத்து எண்ணக்கூடாதுன்னா, அப்ப நான் ஆருங்?" என்றாள் தமிழ்ப்ரியா.

(பேருந்தில் கேட்ட வரி இதுதான். எங்கே வைப்பது என்று நாலு நாள் அலைந்தேன். இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.)

அப்பாதான் சமாதானத்துக்கு வந்தார். "மாரிசாமியக் கூட்டிக்கலாம். சும்மாதான உக்காந்திருக்கறான்."

இப்படியாக, ஓட்ட முடியாத டிரைவர் நாலாவது ஆளாக எண்ணப்பட்டார். ஓட்டப் போகிறவள் எண்ணப்படவில்லை.*

* முதல் வரைவில் அத்தை பழனாத்தாளும் இருந்தார். ஆம்னியில் இடம் இருந்தது, கதையில்தான் இல்லை. பட்டுச்சேலை கட்டிப் புறப்பட்டு நின்றவரை நான் வாசலோடு நிறுத்திவிட்டேன். அவருக்கு என்மேல் கோபம். நியாயம்தான்.

4

சந்துருவை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவனைக் கெட்டவனாக்கினால் வேலை சுலபம். அவள் தப்பிப்பாள், நீங்கள் கைதட்டுவீர்கள். நல்லவனாக்கினால் பெரியப்பா சாப்பிட்டாலும் நஷ்டமில்லை, கதையே தேவையில்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். கெட்ட சந்துருவுக்கு மீசை கொடுத்திருந்தேன், எடுத்துவிட்டேன். அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததற்கு மேல் எனக்கும் தெரியக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். ஆக, நாலு நிமிடமும் ஒரு கேள்வியும்.

5

ஞாயிறு எட்டு மணிக்கு, நிஜமாகவே எட்டுக்கு, வண்டி கிளம்பியது.

முன் இருக்கையில் மாரிசாமி. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு வாயால் ஓட்டினார்.

"கியர மாத்து அம்மிணி. இன்னும் ஆரனு அடிக்கோணும். அந்த டிராக்டர நம்பாத, அவன் திரும்புவான்."

டிராக்டர் திரும்பவில்லை.

"இன்னிக்கித் திரும்பல" என்றார்.

கதை சுவாரசியமாக வேண்டும் என்றால் இந்த இடத்தில் ஏதாவது தாமதம் வேண்டும். டயரைப் பஞ்சராக்கலாம். எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது. மழை? அதற்கு மாதம் சரியில்லை. திட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தவறு அதிலேயே இருந்தது. அவளும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. மாரிசாமி பின்னால் சேர்க்கப்பட்டவர். களி மூன்று பேருக்கும் ஓட்டுகிறவளுக்கும்தான் கிண்டியிருந்தது.

நரசிபுரம் வருவதற்குள் அவர் சீர்த்தட்டுக்கு வாங்கிய வாழைச்சீப்பில் இரண்டு பழம் தின்றிருந்தார்.

"அடப்பாவி!" என்றாள் லிங்கம்மா. "பிச்ச சீப்பையா அந்த ஊட்ல கொண்டுபோய் வெக்கறது?"

"வவுறு கேக்கலீங்க்கா. வெடியால டீ குடிச்சதோட செரி."

சீப்பு வாங்க ஒரு நிறுத்தம். மாரிசாமிக்கு இரண்டு தோசை. எதிரில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது மரியாதையில்லை என்று பெரியப்பாவும் இரண்டு சொன்னார். அந்தத் தோசைக்கு மாவு அப்போதுதான் கரைத்தார்களோ என்னவோ, இருபத்தைந்து நிமிடம் போயிற்று.

ஹெப்பாளில் அவர்கள் தேடிய வீட்டின் முன் வண்டி நின்றபோது மணி பதினொன்று இருபத்தைந்து. அதே இருபத்தைந்து நிமிடம்தான் கையில் மிச்சம்.

"பன்னண்டுக்குப் பத்து நிமிசம் இருக்கறப்ப வெளிய வந்தரோணும்" என்றாள் தமிழ்ப்ரியா. "அப்பா, பாத்துக்கங்க."

நாலு பேர் உள்ளே போனார்கள்.

6

தகர வண்டி காய்ந்தது. அவள் கண்ணாடிகளை இறக்கிவிட்டு வீட்டைப் பார்த்தாள். இளநீல நிறம். மாடியில் கொடியில் இரண்டு நீலச் சட்டைகள். அவ்வளவுதான் தெரிந்தது. ஒரு வீட்டை வெளியிலிருந்து பார்த்து என்ன சொல்ல முடியும்? ரத்தக்குழாயில் ஒட்டியிருக்கும் பெயர்ச்சீட்டை மட்டும் படித்துவிட்டு நோய் சொல்வது போல.

கேட் திறந்தது. ஒரு டம்ளரோடு சந்துரு வந்தான்.

"டிரைவருக்கு மோர் கொடுக்கச் சொன்னாங்க அம்..." நிமிர்ந்தான். "நீங்களா!"

"டிரைவருங்க."

"ஹௌதா? அப்படியா? சரி, உள்ள வாங்க."

"வரக்கூடாதுங்க."

"மோராவது?"

"உப்புப் போட்டிருக்குதா?"

"ஸ்வல்பம் போட்டிருக்கும். ஏன், உங்களுக்கு பி.பி.யா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவன். கை நனைப்பது என்றால் அவனுக்குக் குழாயடி.

"அப்போ உள்ள கட்டுப் போட்டுட்டு ஒருத்தர் இருக்காரே, அவரு மூணு முறுக்கு சாப்பிட்டுட்டாரு."

தமிழ்ப்ரியா எட்டி வீட்டுக் கதவைப் பார்த்தாள். "பெரீப்பா ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொன்னாரு. 'அவன் எங்க டிரைவரு, கணக்குல வரமாட்டான்'னாரு."

டம்ளர் இருவருக்கும் நடுவில் ஜன்னல் விளிம்பில் இருந்தது. அவள் தொடவில்லை.

"இலை நறுக்கி வச்சுட்டாங்க அம்மா" என்றான் சந்துரு. "உங்க பெரியப்பா சமையலறைப் பக்கமே பாத்துட்டிருக்காரு. எனக்கே பாவமா இருக்கு." பிறகு, பேச்சு வாக்கில் கேட்பது போல, "உங்களுக்கு என்ன தோணுது?" என்றான்.

(எழுதிய பிறகுதான் கவனித்தேன். ஆறு பகுதிகள் ஆகிவிட்டன. இதை அவளிடம் யாரும் இதுவரை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.)

"தெரியலீங்க" என்றாள். "உங்களப் பத்தி இல்ல. நான் ஒண்ணுமே பாக்கலியே."

7

அப்பா மகள் சொன்னதை மறக்கவில்லை, இரண்டு நிமிடம்தான் பிந்தினார். பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு நாலு பேரும் வெளியே வந்தார்கள். பெரியப்பா மூன்று முறை திரும்பிப் பார்த்தார். மாரிசாமியைத் தவிர யாரும் எதையும் தின்னவில்லை.

திட்டம் ஜெயித்துவிட்டது. இங்கே முடித்தால் இது ஒரு நல்ல திட்டத்தின் கதை. வண்டி கிளம்பும், நீங்களும் கிளம்பலாம்.

ஆனால் கதவைச் சாத்தியதும் அம்மா சொன்னாள், "ஊடு நல்லாத்தான் இருக்குது. தண்ணி நாளெல்லாம் வருதாமா."

"பையனும் தங்கம். கையெடுத்துக் கும்புட்டான்" என்றார் பெரியப்பா. "சித்தையா, என்ன சொல்ற? நரசிபுரம் போனதும் போனப் போட்டு செரின்னு சொல்லிப்போடலாமா?"

"சொல்லலாங்ண்ணா."

"நல்ல குடும்பமுங்க" என்றார் மாரிசாமி. "முறுக்கு நல்லா மொறுமொறுன்னு இருந்துது."

நாலு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. களியும் எமகண்டமும் சேர்ந்து தடுத்தது ஒரு சாப்பாட்டை மட்டும்தான்.

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் பேசாமல் ஓட்டிக்கொண்டு போகிறாள். கொள்ளேகால் தாண்டியும் நான் எழுதிக்கொண்டே இருந்தேன், அவள் வாயைத் திறக்கவில்லை. கிழித்தேன். இன்னொன்றில் வண்டியை நடுவழியில் நிறுத்திப் பெரிய பேச்சுப் பேசுகிறாள். அது அவள் பேச்சில்லை, என் கட்டுரை. மூன்றாவது இது:

அவள் சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமியது. மறுபடி திருப்பினாள். அணைந்தது.

"என்ன கண்ணு, பேட்டரியா?"

"இல்லீங் பெரீப்பா. நான் இன்னும் ஊடு பாக்கல."

"நாங்க பாத்தாச்சே!"

"நீங்க பாத்தீங்க."

"பொண்ணு போகக்கூடாது தமிழு." அம்மாவின் குரல் இறங்கியது. "மணி என்னன்னு பாரு. பன்னண்டாயிரும். அப்பறம் ஒன்னரை வரைக்கும் கெளம்ப முடியாது. எல போட்டுருவாங்க."

"தெரியுமுங்ம்மா. திட்டம் போட்டதே நானுதான."

"உங்கொப்பனச் சாப்பிடச் சொன்னா என்ன பண்றது?"

"சாப்பிடட்டும், வேண்டாங்கட்டும். அது அவுங்க பாடு. எனக்குக் கேக்க வேண்டியது இருக்குது."

பின் இருக்கையில் அப்பா ஆபரேஷன் ஆன கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, "கதவத் தள்ளிச் சாத்து. பூட்டு ஒழுங்கா உழுகாது" என்றார். அது அனுமதியா, வெறும் கதவைப் பற்றியதா என்று அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. இறங்கிவிட்டாள்.

கேட் அருகே சந்துரு இன்னும் நின்றுகொண்டிருந்தான். வழிவிட்டான். அவள் படியில் செருப்பைக் கழற்றினாள். ஒன்று கவிழ்ந்தது, காலாலேயே நிமிர்த்தி வைத்தாள்.

நான் இவர்களோடு வண்டியிலேயே இருக்கிறேன். பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இடமிருக்கிறது. உங்களுக்கு மனமிருந்தால் அவள் பின்னால் போங்கள். எத்தனை அறை, சமையலறையில் வெளிச்சம் எப்படி, அவள் என்ன கேட்கிறாள், அந்த வீடு என்ன பதில் சொல்கிறது, இலையில் உட்கார்கிறாளா, எல்லாம் பாருங்கள். பார்த்துவிட்டு ஓடிவந்து எங்களிடம் சொல்ல வேண்டாம். அவள் வந்து முதலில் சொல்லட்டும்.