பாலத்துக்கு இந்தப் பக்கம்

அண்ணன் சர்வேயர். ஒரு சாண் நிலம் பக்கத்து வீட்டுக்காரன் பக்கம் போய்விட்டால் ஊரையே கோர்ட் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு அன்று ஒரு பாலம் பெரிசாகத் தெரியவில்லை.

தங்கைக்குப் பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் மட்டும் சட்டைப் பொத்தான் அளவுக்கு மிச்சம். அதை வைத்துத்தான் தையல் கடையில் காஜா எடுத்து வயிற்றைக் கழுவினாள். அதுவும் எத்தனை நாளைக்கு என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார். அந்த மிச்சப் பார்வையும் போவதற்குள் ஒரு முழு சூரிய கிரகணத்தைப் பார்த்துவிட வேண்டும். அவள் யாரிடமும் வேறு எதையும் கேட்டதில்லை.

நிழல் விழும் பாதையை அண்ணனே வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டியிருந்தார். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சூரியன் முழுசாக மறையும். இந்தப் பக்கம் ஒரு கீற்று பாக்கி நிற்கும். முழுசாக மறைந்த பிறகுதான் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று படித்துப் படித்துச் சொன்னவரும் அவர்தான்.

பாலத்துக்கு முன்னால் வண்டிகள் அசையாமல் நின்றன. அண்ணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"இந்த வெயில்ல எவ்வளவு நேரங்க உக்காந்திருக்கிறது? அந்த மரத்தடியில நிறுத்துங்க. எங்க நின்னாலும் ஒரே சூரியன்தானே?" என்று அவர் காதோடு சொன்னாள்.

அண்ணன் வண்டியைத் திருப்பினார்.

"பாலம் தாண்டியாச்சாண்ணா?" பின் சீட்டிலிருந்து தங்கை கேட்டாள்.

"எப்பவோ தாண்டியாச்சு."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கைக்கு அது தெரியவில்லை. பக்கவாட்டில் நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது.

வெயில் மங்கியது. காற்று சில்லென்று ஆனது. கண்ணாடி போட்டபடி அண்ணாந்து நின்றவள் திடீரென்று கேட்டாள்: "இன்னும் ஒரு கீத்து தெரியுதேண்ணா?"

உண்மையைச் சொல்ல அந்த இடத்திலும் நேரம் இருந்தது. ஒரு வார்த்தை போதும். பாழாய்ப்போன கௌரவம் அவரை விடவில்லை.

"உன் கண்ணுக்கு என்னைக்கு எது ஒழுங்காத் தெரிஞ்சிருக்கு? முழுசா மறைஞ்சாச்சு. கண்ணாடியைக் கழட்டு. சீக்கிரம், போயிடப் போகுது."

அண்ணன் சொன்னால் அவளுக்கு வேறு பேச்சு கிடையாது. கழற்றினாள். கண்ணில் நீர் கொட்டக் கொட்ட, இமைத்தால் போய்விடுமோ என்று பயந்து, அந்தக் கீற்றையே பார்த்தாள்.

அப்போது ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து ஆயிரம் பேர் சேர்ந்து 'ஓ'வென்று கத்தும் சத்தம் கேட்டது.

தங்கை மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாரும் அங்க இருக்காங்களா?"

"வேலையத்தவங்க கத்துறாங்க. வா, சாப்பிடலாம்," என்றாள் அண்ணி.

மறுநாள் காலை அண்ணன் தையல் கடைக்குப் போனார். தங்கை ஊசியை முகத்துக்கு நேராகப் பிடித்து நூலைக் கொண்டுபோனாள். தவறியது. எச்சில் தொட்டு முறுக்கி மறுபடி கொண்டுபோனாள். மறுபடியும் தவறியது.

"ரெண்டு நாள்ல சரியாயிடும்மா," என்றார்.

குரல் வந்த பக்கம் திரும்பினாள்.

"நீயாண்ணா? உன் முகம் இருக்க வேண்டிய இடத்துல அந்தக் கீத்துதான் நிக்குது. அதைச் சுத்தி இருந்ததுதான் எனக்கு ஏற்கெனவே போயிடுச்சே."