‘தப்பு’ என்று சொல்ல எடுத்துக்கொண்ட நேரம்

1
இந்தக் கதை என் முட்டாள்தனத்தில் பிறந்தது. 1987இல் சங்கரன்கோவில் விசைத்தறிக் கம்பெனி ஒன்றுக்கு வருகைப் பதிவு புரோகிராம் எழுதினேன். ஊரின் முதல் கம்ப்யூட்டர். (மூன்றாவது என்று பிறகு தெரிந்தது. முதல் என்றே இருக்கட்டும்.) “பாஸ்வேர்டு இல்லாம ஈ நுழையாது” என்று மேனேஜர் காசிராஜனிடம் மார்தட்டினேன்.

2
‘அடைமழை பெய்த மாலையில் கோமதித்தாய் சன்னலோரம்...’

இந்த வரியை அடித்துவிட்டேன். இந்த ஊரில் ஏது அடைமழை? கோமதித்தாய் அங்கே டைப்பிஸ்ட். அது போதும்.

3
தறியில் சிக்கி, அங்கே வேலை பார்த்த ஆறுமுகத்தாய்க்கு மூன்று விரல்கள் போயின. மறுநாளே, விபத்தன்று அவள் வேலைக்கே வரவில்லை என்று பதிவேடு மாறியது. ஆனால் என் புரோகிராம் பழைய பதிவை அழிக்காது, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி வைத்துக்கொள்ளும்.

மேனேஜர் சாப்பிடப் போன இரண்டு மத்தியானங்களில் கோமதித்தாய் பூட்டைத் திறந்து, பழைய பதிவை அச்செடுத்துத் தொழிலாளர் அதிகாரியிடம் கொடுத்துவிட்டாள்.

4
மேனேஜர் என்னை வரவழைத்தார். “யாருவே தொறந்தது? நீரு போட்ட பூட்டுதானவே?”

பகலெல்லாம் தேடியும் எனக்கு ஓட்டை தெரியவில்லை. டீ கொண்டுவந்த கோமதித்தாய் குரலைத் தாழ்த்தினாள்.

“ஒங்க பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியல அண்ணாச்சி. மொத எழுத்து தப்புன்னா பட்டுன்னு சொல்லிருது. சரின்னா, அடுத்த எழுத்தத் தேடி இன்னொரு தடவ கர்ர்ருங்குது. அத வச்சே ஆறு எழுத்தையும் புடிச்சிட்டேன்.”

“நீயா?”

“மேனேஜர்ட்ட சொல்லுதியளா?”

(இங்கே நான் வீரவசனம் பேசவேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன். உண்மையில் புரையேறி இருமினேன்.)

5
மேனேஜரிடம், “யாருன்னு மெஷின் சொல்லாது அண்ணாச்சி” என்றேன். ஆறுமுகத்தாய்க்கு நஷ்டஈடு கிடைத்தது. இங்கேயே முடித்தால் நான் நல்லவன்.

ஆனால் பஸ் ஏறுமுன் ஓட்டையை அடைத்தேன். தொழில் கர்வம். எந்த எழுத்து தப்பானாலும் கடைசிவரை ஒப்பிட்டு, ஒரே நேரம் எடுத்துக்கொண்டுதான் இனி பதில் சொல்லும். புதிய பாஸ்வேர்டைக் காசிராஜன் என் கண்முன்னால்தான் அடித்தார்.

6
அடுத்த வருஷம் இன்னொரு தொழிலாளி பூமாரியின் கை தறியில் சிக்கியது. பதிவேடு மறுபடியும் மாறியது. கோமதித்தாயிடமிருந்து ஒரு தபால் கார்டு: “அண்ணாச்சி, இப்ப எதை அடிச்சாலும் பெட்டி ஒரே மாதிரி முனங்குது. என்ன செய்ய?”

காசிராஜன் அடித்தபோது நான் பார்த்த அந்த எழுத்துகளைப் பதிலில் எழுதினேனா? மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் உத்தமனாக வருகிறேன், எனக்கே நம்பிக்கையில்லை. நான்காவதை நீங்கள் எழுதுங்கள். என்மேல் இரக்கம் வேண்டாம். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள், பூமாரி காத்திருக்கிறாள்.